நாலு விளக்கைக் கேட்டது யார்?

செண்பகத்துக்குத் தெரியும். ஆனால் சொல்ல மாட்டாள். போன வாரம் அவளை அங்கேதான் விட்டுவிட்டு வந்தோம். பாவம், இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறாள், புருஷனுக்குக் கூழ் கரைத்த சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு.

நடுவில் வந்து உட்கார்ந்தவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஆம்பூருக்குக் கரண்ட் வந்த புதுசு. தனகோடி ஜோலார்பேட்டை ரயில்வேயில் வயரிங் வேலை கற்றுக்கொண்டவன். மேலதிகாரிகளுக்குச் சலாம் போட்டது போதும் என்று ஒரு நாள் வேலையை உதறிவிட்டு வந்து, சொந்தமாக வீடுகளுக்கு விளக்குப் போட ஆரம்பித்தான். "இனிமே எவனுக்கும் கை கட்டி நிக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். ஊரே சிரித்தது. செண்பகம் மட்டும் சிரிக்கவில்லை.

அப்புறம்தான் அப்துல் சமத் சாயபு வீட்டு வேலை கிடைத்தது. தோல் பதனிடும் பெரிய ஷாப்புக்கு முதலாளி. மகள் கல்யாணத்துக்காக வீடு முழுக்கக் கரண்ட் விளக்கு. வேலூர்க் கடை கோதண்டராமன் கடனுக்கு வயரும் பீங்கான் சுவிட்சும் கொடுத்தார். தனகோடியின் முகத்துக்காக அல்ல, அண்ணன் சுப்பராயன் ஜாமீன் நின்றதற்காக. அந்தச் சுப்பராயன் அதே சாயபுவின் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி மேஸ்திரி.

விளக்கெல்லாம் எரிந்தது. பணம்தான் வரவில்லை. "பெண்கள் பக்கத்துல நாலு விளக்கு ஜாஸ்தி. அதை நான் சொல்லல. அதைக் கழி, அப்பால மீதியைப் பத்திப் பேசு" என்றுவிட்டார் சாயபு.

நாலு விளக்குதானே, கழித்துவிட்டுப் போவதுதானே என்று நீங்கள் கேட்கலாம். கழித்தால் பொய்க் கணக்கு எழுதினான் என்று அவனே ஒப்புக்கொண்ட மாதிரி. அப்புறம் அந்தத் தெருவில் எவன் கதவைத் திறப்பான்? கோதண்டராமனோ இன்று சாயங்காலம் கடைசிக் கெடு வைத்திருக்கிறார். பணம் வராவிட்டால் வயர் இல்லை, பெட்டியிலிருக்கும் சாமான்களையும் எடுத்துக்கொண்டு போய்விடுவார். தனகோடியின் சொந்தத் தொழில் இன்றோடு சரி.

"நான் போய்ட்டு வர்றேன்" என்றான் தனகோடி, சொம்பை வாங்காமலே.

"ரெண்டு வாய் குடிச்சிட்டுப் போங்க."

"வயித்துல எறங்காதுமே. அந்த வீட்டம்மா திரைக்குப் பின்னாடியிருந்து தெளிவா சொன்னாங்களே! 'அறைக்கு ஒண்ணு, நடைக்கு ஒண்ணு, அடுப்படிக்கு ஒண்ணு, கொல்லைக்கு ஒண்ணு'ன்னு. நீயும்தானே உள்ளே இருந்த? நீ கேக்கல?"

செண்பகம் சொம்பைக் கீழே வைத்தாள். "கேட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வந்திருந்தால் இன்றைக்கு நடந்தது எதுவும் நடந்திருக்காது. ஆனால் பெற்ற மகள் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்தவளை என்ன சொல்வது!

அவள் எப்படி உள்ளே போனாள் என்றால், கோஷா வீட்டில் அந்நிய ஆண்பிள்ளை பெண்கள் பக்கம் வேலை செய்வது லேசு இல்லை. பெண்கள் ஒரு அறைக்கு ஒதுங்கினால் அடுத்த அறையில் ஆணி அடிக்கலாம். எந்தச் சுவரில் சுவிட்சு வேண்டும் என்று அவர்களிடம் நேரில் கேட்க முடியாது. அதற்குத்தான் தனகோடி மனைவியைக் கூட்டிப் போனான். அவள் சாக்குக்கட்டியால் சுவரில் குறி போடுவாள், இவன் வந்து சுவிட்சுப் பெட்டியை அடிப்பான். நடுநடுவே திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும். வளையல்காரனும் துணிக்காரனும் அந்தக் குரலை நம்பித்தான் வியாபாரம் செய்கிறார்கள். உள்ளேயிருந்து வருவது வீட்டம்மா சொல், வீட்டம்மா சொன்னால் வீட்டுக்காரர் சொன்ன மாதிரி. தனகோடியும் அப்படித்தான் நம்பினான்.

அவன் வாசல் இறங்கும்போது அண்ணன் எதிரே வந்தான். தோல் ஷாப்புக்குப் போகிற வழி. சுண்ணாம்பில் வெந்து தடித்த கையால் தம்பியின் தோளைப் பிடித்தான்.

"டேய், மொதலாளி வீட்டுக்குப் போவாதடா. நான் பாத்துக்கறேன்."

"இன்னா பாத்துக்குவ? ஒரு மாசமா பாத்துக்கறேன்னுதான் சொல்ற."

"நீ அங்க போயி ஒண்ணு பேசினா எனக்கு இங்க சோறு போவும்டா. எனக்கு வேற வேலை தெரியுமா?"

"நான் சண்டை போடப் போவலண்ணா. எங்கூலியைக் கேக்கப் போறேன்" என்று தோளை விடுவித்துக்கொண்டு தனகோடி நடந்தான்.

சுப்பராயன் செண்பகத்தைப் பார்த்தான். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சமத் சாயபு முன் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தனியாக இருந்திருக்கக் கூடாதா? வாணியம்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் இரண்டு பேர் வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"வாப்பா. நாலைக் கழிச்சிட்டியா?" என்றார் சாயபு.

"அதைக் கழிக்க முடியாதுங்க. செஞ்ச வேலைங்க. எரிஞ்சிகினு இருக்குது."

"எரியுது, சரி. நான் போடச் சொன்னேனா?"

"நீங்க சொல்லலிங்க. உள்ளேருந்து அம்மா சொன்னாங்க."

"அஃப்ஸரை நான் கேட்டாச்சு. அல்லா பேர்ல நான் சொல்லலன்றா. இப்ப இன்னா சொல்ற? என் பொஞ்சாதி பொய் சொல்றான்றியா?"

ஆமாம் என்றால் அந்த வீட்டுப் பெண்ணைப் பொய்க்காரி என்று விருந்தாளி முன்னால் சொன்னதாகும். இல்லை என்றால் இவன் பொய்க்காரன். விருந்தாளிகள் இரண்டு பேரும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு அவனையே பார்த்தார்கள்.

"நான் காதால கேட்டதைச் சொன்னேங்க. நீங்க வேணாம்னா நாலையும் கழட்டிக்கிறேன்."

"கழட்டிக்கோ! பேஜார் விட்டுது."

இதோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம் இந்த மனுஷன். ஆனால் வேலை கற்றவன். அரைகுறையாய் விட்டுவிட்டு வர மனசு கேட்காது.

"ஆனா ஒண்ணுங்க" என்றான். "மின்சாரக் கம்பம் உங்க பின் சந்துல இருக்குது. வயரு கம்மியா ஆவட்டும்னு அந்த நாலு விளக்கு வழியாத்தான் இந்தக் கூடத்துக்கு லைன் இழுத்திருக்கேன். அதைக் கழட்டினா கூடமும் இருட்டாய்டும். மறுபடி இழுக்கணும்னா கல்யாணத்துக்குள்ள முடியாதுங்க."

அட அசட்டு மனுஷா! இருப்பதைத்தான் சொன்னான், உள்ளது உள்ளபடி. கேட்டவர் காதில் அது எப்படி விழும் என்று ஒரு நிமிஷம் யோசித்தானா?

சாயபுவின் முகம் சிவந்து போயிற்று. "மிரட்டறியா? பணம் குடுக்கலன்னா கல்யாணத்தன்னிக்கு என் வீட்டை இருட்டாக்கிடுவேன்றியா? என் சம்பந்தி வீட்டு மனுஷங்க முன்னாடியே?"

"அய்யோ, அப்படி இல்லிங்க!"

"திருட்டுக் கணக்கு எழுதறதும் இல்லாம மிரட்டல் வேறயா? உங்கண்ணன் மூஞ்சிக்காவ விடறேன். வெளியே போ. ஜான் பாஷா! சுப்பராயனை வரச் சொல்லு."

ஜான் பாஷா ஷாப்பு குமாஸ்தா. அவன் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவதைத் தனகோடி பார்த்தான். அண்ணன் காலையில் சொன்னது அப்படியே நடந்துவிட்டது. திரும்பிப் போய்க் காலில் விழலாமா என்று ஒரு கணம் நினைத்தான். கால் மடங்கவில்லை. வீட்டுக்குப் போகவும் துணிவு வரவில்லை. கோதண்டராமன் மத்தியான ரயிலில்தான் வருவார், ஸ்டேஷனிலேயே பிடித்து இன்னும் கொஞ்சம் தவணை கேட்கலாம் என்று அந்தப் பக்கம் நடந்தான்.

செண்பகத்துக்குச் சேதி கொண்டுவந்தவள் பூவம்மாள். சாயபு வீட்டில் முற்றம் பெருக்குகிறவள்.

"உம் புருஷன் கல்யாணத்துல விளக்கை அணைச்சிடுவேன்னு மொதலாளியை மிரட்டிட்டானாமே! அவன் அண்ணனை ஷாப்புலேர்ந்து இட்டாரச் சொல்லி ஆள் போயிருக்குதுமே!"

செண்பகம் அடுப்பை அணைத்தாள். மகளைப் பூவம்மாளிடம் விட்டாள். தலையைக்கூட வாரிக்கொள்ளாமல் சாயபு வீட்டுப் பின் சந்துக்குப் போய்க் கொல்லைக் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தது ரஃபத் ஜஹான். சாயபுவின் தங்கை, புருஷனை இழந்து அண்ணன் வீட்டோடு வந்தவள். கல்யாணத்துக்கு வந்த உறவுப் பெண்களெல்லாம் நடுக்கட்டில் சிரித்துக்கொண்டிருக்க, இவள் மட்டும் பின்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். செண்பகத்தின் முகத்தைப் பார்த்ததும் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

"சொல்லிட்டியா?" என்று கேட்டாள், முதல் வார்த்தையாக.

"சொல்லல பீபி. எம் பொண்ணு தலையில கை வெச்சி வாங்கின சத்தியம் அது. நான் சொல்ல மாட்டேன். ஆனா எங்க வீடு அழிஞ்சிப் போவுது. எம் புருஷனைத் திருடன்றாங்க. அவரு அண்ணனுக்கு வேலை போவப் போவுது. நீங்களே சொல்லிடுங்க பீபி."

நாலு விளக்கைக் கேட்டது யார் என்று ஒரு மாதமாக எழுதிக் கேட்ட வாசகிகளே, தெரிந்துகொண்டீர்களா? திரைக்குப் பின்னால் அன்று நின்றது அஃப்ஸர் ஜஹான் இல்லை. இவள்தான்.

"அண்ணன்கிட்ட கேட்டா எதுக்கு பின்கட்டுக்கு இத்தனை விளக்குன்னு கேப்பாங்க" என்றாள் ரஃபத் ஜஹான். "வீடு முழுக்க விளக்கு போடறப்போ நாலு யார் கண்ணுக்குத் தெரியும்னு நினைச்சேன். அஃப்ஸர் பாபி சொல்ற மாதிரி சொல்லிட்டேன். அந்நிய மனுஷன்கிட்ட, பாபியா இருந்து பேசிட்டேன். அண்ணனுக்குத் தெரிஞ்சா..."

"ஒரு லாந்தர் போதாதா பீபி? எதுக்கு இந்த வேலை?" செண்பகத்துக்குக் கோபமே வந்துவிட்டது. "நீங்க ஆசைப்பட்டதுக்கு நாங்க ஏன் சாவணும்?"

ரஃபத் ஜஹான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நாட்றம்பள்ளியில, அவங்க மௌத் ஆனப்புறம், கொழுந்தன் வீட்டுல என்னை ஒரு அறையில வெச்சி வெளியே பூட்டுவாங்க. பொழுது சாய்ஞ்சா பூட்டு. விடிஞ்சாதான் திறப்பாங்க. ஜன்னல் கிடையாது. விளக்கு கேட்டா எண்ணெய் யார் தருவான்னு கேப்பாங்க. அடுத்த ரமலான் வர்ற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன். இங்க வந்தும் எனக்குத் தூக்கம் இல்ல செண்பகம். லாந்தர்ல எண்ணெய் தீர்ந்தா மூச்சு முட்டும். எழுந்து நடந்தா நடையும் இருட்டு, அடுப்படியும் இருட்டு. இப்போ ஒரு சுவிட்சு. கை வெச்சா வெளிச்சம். இந்த ஒரு மாசமாத்தான் தூங்கறேன்."

செண்பகத்துக்கு வந்த கோபம் எங்கே போயிற்றோ! திரும்பிப் போய்விடலாம் என்றுகூட நினைத்தாள். போனால் வீட்டில் என்ன இருக்கிறது?

ரஃபத் ஜஹான் முறத்தைச் சுவரோரம் சாய்த்துவிட்டு முக்காட்டைச் சரிசெய்துகொண்டாள்.

"லுஹர் தொழுகை முடிஞ்சி அண்ணன் சாப்பிட வருவாங்க. நானே சொல்றேன். நீ போ."

"அடிப்பாங்களா பீபி?"

"எங்கண்ணன் என்னை அடிச்சதில்ல. போ."

செண்பகம் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டாள். அப்பாடா என்று இருந்தது. தன் வீட்டுக் கஷ்டத்தை இன்னொரு பெண்ணின் தலையில் ஏற்றிவிட்டு வருகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது. வழியெல்லாம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மத்தியான ரயிலில் கோதண்டராமன் வரவில்லை. தனகோடி வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து அடுத்த வண்டிக்குக் காத்திருந்தான். அதிலும் வரவில்லை. ஆவாரம்பட்டை இறங்கியது, தோல் மூட்டைகள் ஏறின, ஆட்கள் போனார்கள் வந்தார்கள். தவணை கேட்கிற வார்த்தைகளை மனசுக்குள் மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் ஜட்கா வண்டிக்காரன் ஒருவன்தான் சொன்னான்.

"வேலூர் கடைக்காரரா? பஸ்ல வந்து எப்பவோ எறங்கிட்டாரே. உங்கண்ணனைப் பாக்க ஷாப்புப் பக்கம் போனாரு."

தனகோடி ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்தான்.

வாசலில் கோதண்டராமன் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"வாய்யா! எங்க போய்ட்ட? பாக்கி பைசா சுத்தமா தீர்ந்துபோச்சி. உங்கண்ணன் மாதிரி ஒரு மனுஷனை நான் பாத்ததில்ல. இனிமே எவ்வளவு வயரு வேணும்னாலும் சொல்லி அனுப்பு." தனகோடியின் முதுகில் தட்டிவிட்டு அவர் போய்விட்டார்.

உள்ளே சுப்பராயன் உட்கார்ந்திருந்தான். செண்பகம் பக்கத்தில் நின்றாள். அவள் முகத்தில் காலையில் இல்லாத தெளிவு இருந்தது.

"சாயபு குடுத்துட்டாரா?"

"மொதலாளிதான் குடுத்தாரு" என்றான் சுப்பராயன்.

"பாத்தியா! நான் சொல்லல? நான் பொய் சொல்லலன்னு அவருக்கே தெரிஞ்சிபோச்சி!" தனகோடி சிரித்தான். மகளைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான்.

"அட்வான்ஸா குடுத்தாரு" என்றான் சுப்பராயன்.

தனகோடி மகளை இறக்கிவிட்டான்.

ஆம்பூரில் இந்த வார்த்தைக்கு யாரும் அர்த்தம் கேட்க மாட்டார்கள். ஷாப்பில் அட்வான்ஸ் வாங்கினால், அது கழிகிற வரைக்கும் வேறு வாசலில் வேலை செய்யக் கூடாது. கூலியில் பாதி பிடித்துக்கொண்டே வருவார்கள். சிலருக்குக் கழிவதற்குள் தலை நரைத்துவிடும்.

"யாருக்கு அட்வான்ஸ்? உனக்கா?"

"காலைல ஜான் பாஷா வந்து கூப்பிட்டான். மொதலாளி தாம்தூம்னு குதிச்சாரு. பொழுது சாயறதுக்குள்ள இந்தக் கணக்கை முடி, இல்லன்னா நீயும் வராதேன்னாரு. கோதண்டராமன் வேற வந்து நிக்கறாரு. நான் எங்கடா போவேன்? அட்வான்ஸ் கேட்டேன். என் ஒருத்தன் கூலிக்கு அவ்வளவு வராதுன்னாங்க." சுப்பராயன் தரையைப் பார்த்தான். "ரெண்டு பேரு பேர்ல எழுதிட்டேன். ஷாப்புல மோட்டார் வருதாம். கரண்ட் வேலைக்கு ஆள் வேணுமாம்."

"எம் பேர்லயா? நான் கையெழுத்துப் போடலியே!"

"நான் கைநாட்டு வெச்சேன். நீ எந்தம்பி. ஒரே வயிறு, ஒரே ரத்தம். நான் வெச்சா நீ வெச்ச மாதிரிதான்."

"எவன்யா சொன்னான் அப்படி!" தனகோடி கத்தின கத்தலில் குழந்தை அழ ஆரம்பித்தது. "எதுக்கு ரயில்வே வேலையை விட்டேன்? இதுக்கா? எங்கூலியையே எனக்குக் கடனா குடுத்து, அதுக்கு நான் கொத்தடிமையா உழைக்கணுமா? உனக்குப் புத்தி இருக்குதா?"

"எனக்குப் புத்தி இல்லடா. உனக்குத்தான் ஜாஸ்தியா இருக்குதே, அதனாலதான் இந்தக் கதி."

செண்பகம் குறுக்கே வந்தாள். "ரெண்டு பேரும் நிறுத்துங்க. சாயபுவுக்கு இந்நேரம் நெஜம் தெரிஞ்சிருக்கும். அவங்க தங்கச்சி மத்தியானமே சொல்லியிருப்பாங்க. விளக்கு கேட்டது ரஃபத் பீபி. சாயபுவே பேப்பரைக் கிழிச்சிடுவாரு, பாருங்க."

தனகோடி அவள் பக்கம் திரும்பினான். "உனக்கு எப்படித் தெரியும்?"

"அன்னிக்கு நான் உள்ளேதானே நின்னேன்."

"ஒரு மாசமாத் தெரியுமா உனக்கு?"

"நம்ம பொண்ணு மேல சத்தியம் வாங்கிட்டாங்க."

அவன் திட்டியிருந்தாலாவது அவளுக்குத் தேவலை. வாசல்படியில் போய் உட்கார்ந்துகொண்டான்.

அப்போது தெருமுனையில் குதிரை வண்டி திரும்பியது. சமத் சாயபு. அந்தத் தெருவுக்குள் அவர் காலெடுத்து வைத்ததே இல்லை. எதிர் வீட்டுக்காரர்களெல்லாம் எழுந்து நின்றார்கள். சுப்பராயன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு ஓடினான். சாயபு அவனைக் கையமர்த்திவிட்டு உள்ளே வந்தார். போட்ட பாயில் உட்காரவில்லை.

"நீ பொய் சொல்லலப்பா" என்றார் தனகோடியிடம், மெதுவாக. "என் தங்கச்சி சொல்லிட்டா. நாலும் என் கணக்குதான்."

செண்பகம் கதவோரம் நின்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

"அப்போ அந்தப் பேப்பரைக் கிழிச்சிடுங்க" என்றான் தனகோடி. "நீங்க எங்கண்ணன்கிட்ட குடுத்தது எங்கூலி. அட்வான்ஸ் இல்ல."

சாயபு வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"அதைக் கேக்கத்தான் வந்தேன். அதைக் கிழிக்கச் சொல்லாதே."

"இன்னாங்க இது! நீங்களே எம்மேல தப்பில்லன்றீங்க."

"கேளு. காலைல சம்பந்தி வீட்டுக்காரங்க முன்னாடி அஃப்ஸர் சொல்லலன்னு அல்லா பேர்ல சொன்னேன். உன்னைத் திருடன்னேன். இப்போ முழுப் பணமும் குடுத்தேன்னு தெரிஞ்சா, அப்போ விளக்கு கேட்டது யாருன்னு கேப்பாங்களா, மாட்டாங்களா? பெரிய பொம்பளைங்க வீட்டுல ரெண்டே பேரு. அந்நிய ஆம்பளைகிட்ட அண்ணி வேஷம் போட்டுப் பேசினவ இருக்கற வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டோம்னு எழுந்து போய்டுவாங்க. என் பொண்ணு கல்யாணம்பா. அந்தப் பேச்சு வர்றதுக்கு முன்னாடி ரஃபத்தை நாட்றம்பள்ளிக்கு அனுப்பியாவணும். அவளுக்கு வேற போக்கிடம் இல்ல."

"அங்கயா?" செண்பகம் தன்னை மறந்து முன்னால் வந்துவிட்டாள். "அங்க அவங்களை அறையில போட்டுப் பூட்டி வெச்சாங்க சாயபு! இருட்டுல போட்டு வெச்சாங்க! உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்மா" என்றார் சாயபு. "நான்தான் போயி பூட்டை உடைச்சிக் கூட்டிட்டு வந்தேன்."

இந்த மனுஷனை இத்தனை வாரமாகக் கல்நெஞ்சன் என்றே எழுதிவிட்டேன். தங்கைக்காகப் பூட்டை உடைத்தவர் மகளுக்காக அதே பூட்டுக்குத் திரும்ப அனுப்ப நிற்கிறார். யாரைத் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை.

"அட்வான்ஸ் வாங்கி என் ஷாப்புல சேர்ந்துட்டன்னா, நான் விட்டுக்குடுக்கல, நீதான் பணிஞ்சி வந்துட்டன்னு ஊர்ல பேசிக்குவாங்க. விளக்கைப் பத்தி ஒருத்தனும் கேக்க மாட்டான்" என்றார் சாயபு. "பேருக்குத்தான் அட்வான்ஸ். கூலியில சல்லிக்காசு பிடிக்க மாட்டேன். உனக்குக் காசு நஷ்டமில்ல."

"காசைப் பத்தியா நான் பேசினேன்?"

சாயபு தலையைக் குனிந்துகொண்டார்.

"கல்யாணம் முடிஞ்சதும் விட்டுடுவீங்களா?"

"சம்பந்தி உறவு கல்யாணத்தோட முடியுதா? ரெண்டு வருஷமாவது ஆவும். அதுக்குள்ள நீ வேற வீட்டுல போயி ஒரு ஆணி அடிச்சாலும் கேள்வி வரும்." வாசல்வரைக்கும் போனவர் நின்றார். "நான் உத்தரவு போடல. நீ மாட்டேன்னா பேப்பரை நாளைக்கே கிழிச்சித் தர்றேன். ரஃபத்தும் நாளைக்கே கிளம்புவா. காலைல நீ வந்தியா இல்லையான்னு பாத்து நான் தெரிஞ்சிக்கறேன்."

வண்டி போயிற்று. எதிர் வீட்டுக்காரர்கள் இன்னும் நின்றுகொண்டிருந்தார்கள்.

தனகோடி மனைவியைப் பார்த்தான். அவள் போங்க என்றும் சொல்லவில்லை, வேணாம் என்றும் சொல்லவில்லை. மத்தியானம் ரஃபத் ஜஹானைப் பேச வைத்தவள் அவள்தான். அது அவள் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

"மாட்டேன்னு சொல்ற வாய் எனக்கு இருந்தா சொல்லியிருப்பேன்மே" என்றான் கடைசியில். "பேப்பர்ல கை வெச்சது எங்கண்ணன். அதைக் கிழிச்சிப் போட்டுட்டு நான் போய்டுவேன். அந்தம்மாவை அனுப்பிட்டு எங்க போவேன்?"

செண்பகம் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

சுப்பராயன் மட்டும் எழுந்து வந்து தம்பியின் பக்கத்தில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் வெகு நாளாகக் காணாத ஒரு நிம்மதி. ரயில்வே, கடன், கெடு எல்லாம் போய், தம்பி பத்திரமாகத் தன் பக்கத்தில் வந்துவிட்டான் என்கிற நிம்மதி. வெந்து தடித்த கையைத் தனகோடியின் முழங்காலில் வைத்தான். சத்தியமாகச் சொல்கிறேன், அதில் துளிக்கூட கள்ளம் இல்லை.

"காலைல ஷாப்பு மொத சங்குக்கே கிளம்பிடணும்டா" என்றான் அன்பாக. "நான் வந்து எழுப்பறேன். ரெண்டு பேரும் ஒண்ணாவே போலாம்."